பச்சை விளக்கு எரிந்த ஊர்

2022 செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி வழக்கமான நடை. வீடு திரும்பியதும் முந்தைய நாள் பார்த்த எலும்பு முறிவுகளை நாட்குறிப்பில் எழுதினேன். மூன்று இட்லி, ஒரு டம்ளர் காபி. ஏழரை மணிக்கு வண்டியை எடுத்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் பி.முட்லூரில் திரும்பி, புவனகிரியைத் தாண்டி மேற்கே போனேன். அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே பெண் கொடுத்து எடுக்க வேண்டிய குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

அன்று அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவச எலும்பு அடர்த்தி முகாம். புதிதாகப் பணிக்கு வரும் மருத்துவர்களே, இப்படிப்பட்ட முகாம்களுக்கு உங்களையும் அனுப்பப் போகிறார்கள், அதனால் முறையைச் சொல்லிவிடுகிறேன். கால்சியம் மாத்திரை தயாரிக்கும் நிறுவனம் ஒன்று இயந்திரத்தோடு ஒரு பிரதிநிதியை அனுப்பும். பந்தலும் சாப்பாடும் ஊராட்சியின் பொறுப்பு. அரசு மருத்துவமனையிலிருந்து எங்களைப் போன்ற எலும்பு மருத்துவர் ஒருவர் போய் உட்கார்ந்தால், அந்த இயந்திரத்துக்கு ஒரு மரியாதை கிடைக்கும். வருகிறவர் குதிகாலை அதற்குள் வைக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் எலும்பு பலவீனம், மஞ்சள் எரிந்தால் எச்சரிக்கை, பச்சை எரிந்தால் எல்லாம் சரி. எந்த ஊருக்குப் போனாலும் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம் எரியும், மாத்திரைப் பெட்டிகள் காலியாகும். நம் மாவட்டத்துப் பெண்கள் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நான் விருப்ப ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. கோபம் மட்டும் இன்னும் பணியில்தான் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஊரில் பச்சை எரிந்தது. முதல் பெண்ணுக்குப் பச்சை, அடுத்தவருக்கும் பச்சை. வயல் வேலை செய்து தேய்ந்துபோன, கண் இமைக்குள் வெளுத்துக் கிடந்த பெண்கள் எல்லோருக்கும் பச்சை. பிரதிநிதி இயந்திரத்தை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து முனகினார்.

“மேடம், எல்லாம் பச்சையாவே வருது. கொண்டாந்த மாத்திரைய நான் யாருகிட்ட தள்றது?”

அவர் கவலை அது. ஊராட்சித் தலைவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால், தன் முதல் பதவிக்காலத்தில், அந்த ஊரில் ஆழ்துளைக் கிணறு இறக்கி மேல்நிலைத் தொட்டி கட்டியவர் அவர். அதற்கு முன்னால் ஊர் முழுக்க ஒரு பழைய அடிபம்பை நம்பி இருந்தது, அதில் வருவது லேசான உப்புத் தண்ணீர். கடலோர மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்பார்கள்: உப்பா, இல்லையா? புது ஆழ்துளைக் கிணற்றில் இளநீர் போலத் தண்ணீர் வந்தது. சோப்பு நன்றாக நுரைத்தது. பருப்பு பூவாக வெந்தது. அதோடு விசாரணை முடிந்தது. வேறு எதையும் யாரும் கேட்கவில்லை, சோதிக்கவும் இல்லை.

எனக்கு முதலில் உறுத்தியது இயந்திரம் அல்ல, வரிசை. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நீங்களும் நானும் கழுத்தைத் திருப்புவோம். அந்த வரிசையில் நின்ற பெண்களில் பலர் உடம்பையே திருப்பினார்கள், கதவு திரும்புவது போல. கவனித்த பிறகு அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்து ஜெயக்கொடி வந்தார். முப்பத்தாறு வயது. அந்த ஊர் நடவுப் பெண்களுக்கு முன் நின்று வேலை பேசுகிறவர். இயந்திரத்தில் கால் வைக்கச் செருப்பைக் கழற்ற வேண்டும், வார் வைத்த செருப்பு. அவரால் குனிய முடியவில்லை. கூட வந்த மகள் உட்கார்ந்து வாரை அவிழ்த்தாள். பெயர் அஞ்சலி, ஒன்பது வயது. எழுந்து நின்றபோது அவளுடைய முழங்கால்கள் இரண்டும் உரசிக்கொண்டு நின்றன, பாதங்கள் விலகி நின்றன. என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பற்களில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் திட்டு, நடுவே பழுப்புக் கோடு.

ஜெயக்கொடிக்கும் பச்சை எரிந்தது. நடவு நடுகிற பெண்ணால் குனிய முடியவில்லை, இயந்திரம் எலும்பு பிரமாதம் என்கிறது.

இதற்கு முன் எங்கெல்லாம் காட்டினீர்கள் என்று கேட்டேன். புவனகிரியில் காட்டியிருக்கிறார், சிதம்பரத்தில் காட்டியிருக்கிறார், ஒருமுறை எங்கள் கடலூர் வெளிநோயாளிப் பிரிவுக்கும் வந்திருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: தேய்மானம். வலி மாத்திரை, வயிற்று மாத்திரை, போய் வாருங்கள். மகளின் கால் வளைவதைக் கேட்டால், ஒழுங்காகச் சாப்பாடு கொடுக்கவில்லை என்று இவருக்குத்தான் திட்டு.

தேய்மானம் என்ற சொல்லை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. முப்பத்தாறு வயதில் கழுத்தும் இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் எப்படித் தேயும்? கேட்கத் தோன்றியிருக்க வேண்டாமா? தேய்மானம் என்று எழுதியதும் கேள்வி செத்துவிடுகிறது. அடுத்தவரைக் கூப்பிடலாம். நமக்கு நேரம் மிச்சம். அந்த மிச்ச நேரத்தை ஜெயக்கொடியின் முதுகெலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

அவரை நிற்க வைத்து மூன்றே மூன்று விஷயம் செய்யச் சொன்னேன். தரையில் கிடக்கும் காசை முழங்கால் மடக்காமல் எடுக்க வேண்டும். தாடையால் நெஞ்சைத் தொட வேண்டும். இரு கைகளையும் பின்னந்தலையில் கோக்க வேண்டும். மூன்றும் முடியவில்லை. கால் மரத்துப்போகிறதா என்று கேட்டேன். வரப்பில் நடக்கும்போது செருப்பு நழுவிப் போனது கூடத் தெரிவதில்லை என்றார். தண்டுவடம் நெரிபடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பற்களில் அந்தக் கோடு, குனிய முடியாத உடம்பு, அடர்த்தியான எலும்பு. படிக்கும்போது எல்லோரும் படித்ததுதான். ஆழத்துப் பாறையிலிருந்து தண்ணீரில் ஃப்ளோரைடு கரைந்து வருகிறது. அது எலும்பில் போய் உட்காருகிறது. எலும்பு கனக்கிறது, ஆனால் உறுதி கூடுவதில்லை. கலவை சரியில்லாமல் அடுக்கிக்கொண்டே போன செங்கல் சுவர் மாதிரி. தசைநாரும் குருத்தெலும்பின் ஓரமும் கல்லாகின்றன. இயந்திரம் கனத்தை மட்டும் பார்த்துப் பச்சை போடுகிறது. வளர்கிற குழந்தைக்குச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்தும் இல்லையென்றால், புது எலும்பு இறுகாமல் வளைகிறது. பரீட்சைக்குப் படித்தோம். ஆனால் அது தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்த தருமபுரியின் நோய் என்று மனதில் முத்திரை குத்தி வைத்துவிட்டோம். இந்த மாவட்டத்தில் விஷம் என்றால் எல்லோரும் கடலூர் ரசாயன ஆலைகளின் புகைபோக்கியைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். காலுக்குக் கீழே இருந்து, அதுவும் இனிப்பாக, ஏதாவது வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

தலைவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் நீங்கள் கதையைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். பம்பு ஆபரேட்டராக இருந்த தன் மைத்துனரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மச்சான், அந்த மீட்டர எடுத்தா.”

பேனா அளவில் ஒரு மீட்டர். டம்ளர் தண்ணீரில் முக்கிக் காட்டினார். எண் குறைவாகத்தான் காட்டியது. அந்த மீட்டர் உப்பை எல்லாம் மொத்தமாக அளக்கும், எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது என்றேன். தலைவர் கேட்கிற மனநிலையில் இல்லை.

“டாக்டரம்மா, பத்து வருஷமா இதே தண்ணியத்தான் நானும் குடிக்கிறேன், எம் புள்ளங்களும் குடிக்கிது. எங்களுக்கு இன்னா ஆயிடுச்சி?”

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரியாத மருத்துவர் அந்த இடத்தில் தோற்றுப்போவார். அவர் வீட்டில் தினமும் தயிர் உண்டு. வாரத்தில் பாதி நாள் மீன் உண்டு. குடலில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் ஃப்ளோரைடில் ஒரு பங்கு அங்கேயே பிடிபட்டு வெளியே போய்விடும். ஜெயக்கொடி வீட்டிலும் மாடு இருந்தது, ஆனால் கறந்த பால் அப்படியே விடியற்காலையில் பால் வாங்க வரும் வண்டிக்குப் போனது. வீட்டில் ரேஷன் அரிசிச் சோறு, புளித்தண்ணி. வயலில் பசி தெரியாமல் இருக்க நாளைக்கு நாலைந்து தடவை பால் விடாத டீ. தேயிலையிலேயே ஃப்ளோரைடு உண்டு, தண்ணீரைச் சுண்டக் கொதிக்க வைத்தால் அது இன்னும் கூடும். வெயிலில் குடிக்கிற தண்ணீரும் தலைவரைவிட அவர்களுக்கு அதிகம். ஒரே தொட்டித் தண்ணீர்தான். யார் வீட்டில் தட்டு காலியோ அங்கே போய்த் தாக்கியது. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

தலைவர் மேடை ஏறிவிட்டார். ஒலிபெருக்கியில் சொன்னார்: நம்ம ஊர்த் தண்ணீரால் நம் எலும்பெல்லாம் இரும்பாக இருக்கிறது, இதை இப்போது டாக்டரம்மாவே சொல்வார்கள். கை தட்டினார்கள். பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. ஒலிவாங்கி என் கைக்கு வந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்பீர்கள், வேறு ஊரில், வேறு ஒலிவாங்கியோடு. அதனால் என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன்.

என்னிடம் ஆதாரம் இல்லை. தண்ணீரைச் சோதிக்கவில்லை. ஒரு எக்ஸ்ரே கூட எடுக்கவில்லை. சோதனை முடிவு வரட்டும், முறைப்படி மேலே எழுதுவோம், அதுவரை வாயை மூடிக்கொண்டு நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு இறங்கு என்று ஒரு பக்கம். முறை என்றால் அதுதான். இன்னொரு பக்கம் அஞ்சலி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பேசி, அது தப்பாகிப் போனால் என்ன நடக்கும்? ஊர் சில வாரம் உப்புத் தண்ணீர் குடிக்கும், என்னைத் திட்டும், மேலிடம் விளக்கம் கேட்கும். நான் பேசாமல் இருந்து, அது தப்பாகிப் போனால்? அந்தப் பெண்ணின் கால் வளைந்தபடியே இறுகிவிடும். அலுவலகக் கோப்பு மேசை மாறும்வரை எலும்பின் வளர்ச்சி காத்திருக்காது. இரண்டும் தவறுதான், ஆனால் ஒன்றைத் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடிகிற தவறின் பக்கம் போய் நில்லுங்கள். முப்பது வருடப் பணியில் நான் உறுதியாகக் கற்றது இது ஒன்றுதான்.

பச்சை எரிந்ததற்குக் கை தட்ட வேண்டாம் என்று தொடங்கினேன். எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே தாடையை நெஞ்சில் வைத்துப் பாருங்கள் என்றேன். சலசலப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சத்தமாகச் சொன்னார்:

“எம் மாமியா முன்னாடியே குனியாத தல டாக்டரம்மா. உங்களுக்காவவா குனியப் போவுது?”

பந்தலே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. பக்கத்தில் இருப்பவரின் தாடை பாதியில் நின்றுவிட்டதை ஒவ்வொருவரும் பார்த்தார்கள். பார்க்கத் திரும்புவதற்கும் சிலரால் முடியவில்லை.

தொட்டித் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன், நிரூபிக்கவில்லை, நாளைக்குச் சோதனைக்கு எடுக்கிறேன் என்று சொன்னேன். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் பழைய அடிபம்புத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள், கிருமிக்காகக் கொதிக்க வையுங்கள், முதலில் குழந்தைகளுக்காவது மாற்றுங்கள். தொட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இது போகாது. இவ்வளவுதான் பேசினேன்.

தலைவர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். கோபத்தைவிட அவர் குரலில் வலி அதிகம் இருந்தது.

“தருமபுரி நோயக் கொண்டாந்து எங்கூர்ல எறக்காதீங்க. உப்புத் தண்ணிய குடிச்சி எங்கம்மா செத்தாங்க. அந்த அடிபம்புக்கா திரும்பப் போவச் சொல்றீங்க?”

ஊர் அவர் பக்கம் இருந்தது. நியாயம்தான், அவர் தண்ணீர் கொடுத்தவர், நான் ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவள். பிரதிநிதி அதற்குள் இயந்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டார். நிறுவனத்தின் பேரைச் சொல்லவில்லையே மேடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். தண்ணீர் ஆய்வகத்தில் எனக்குத் தெரிந்த வேதியியலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். கடலோரத்தில் ஃப்ளோரைடா, தருமபுரிக்கு மாறுதல் கேட்டிருக்கிறீர்களா மேடம் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பது புரிந்ததும், கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலில் காலையில் கொண்டுவாருங்கள் என்றார்.

கிளம்பும்போது ஜெயக்கொடி வண்டியருகே வந்து நின்றார். மேடையில் நான் பேசியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“பொண்ணு கால் நேராவுமா?”

“தண்ணியும் சாப்பாடும் மாறினா ஆவலாம். ஆவும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இன்னும் வளர்ற வயசு, அதான் நம்பிக்கை.”

“எனுக்கு?”

“இதுக்கு மேல போவாம பாத்துக்கலாம்.”

அவர் தலையாட்ட முயன்றார். முடியாமல் கண்ணை மட்டும் மூடித் திறந்தார். காலையில் ஒரு டம்ளர் பாலை வண்டிக்கு ஊற்றாமல் மகளுக்கு வைக்கச் சொன்னேன். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன், நெல்லிக்காய், காலை வெயில். தன் டீயைக் குறைக்கச் சொன்னதற்குத்தான் முகம் சுளித்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோதனையில் தொட்டித் தண்ணீர் குடிக்க ஆகாதது என்று வந்தது. அடிபம்புத் தண்ணீர் ஃப்ளோரைடைப் பொறுத்தவரை தேறியது. ஜெயக்கொடியைக் கடலூருக்கு வரவழைத்து முன்கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். முட்டி வலிக்குக் கையை எடுக்கச் சொல்கிறீர்களே, சீட்டு மாறிவிட்டதா என்று எக்ஸ்ரே பிரிவில் கேட்டார்கள். முன்கையின் இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சவ்வு, முள் முள்ளாக எலும்பாகி இருந்தது; ஃப்ளோரைடு நோய்க்கே உரிய அடையாளம் அது. படத்தைப் பார்த்தவர்கள் அதன்பிறகு சீட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் அந்த ஊருக்கு வந்து சேரப் பல மாதம் ஆனது. அதுவரை நான் எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்களை இங்கே எழுதினால் இதை வெளியிட மாட்டார்கள். குழாய்க்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர் அதே தலைவர்தான். அஞ்சலியின் கால்கள் அறுவை சிகிச்சை தேவைப்படாத அளவுக்கு நேராகின. ஜெயக்கொடியின் கழுத்து திரும்பவில்லை. அவர் இப்போது நடவுக்குப் போவதில்லை. கேட்க வேண்டிய கேள்வியை எங்களில் ஒருவர் கேட்டிருந்தால் அவர் இன்றும் வயலில் இருப்பார்.

ஆனால் இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. மறுநாள் திங்கட்கிழமை காலை நான் முதலில் செய்தது, இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களோடு அந்த ஊருக்குப் போனது. தொட்டிக் குழாயடியில் எப்போதும்போல் கூட்டம். ஒரு பாட்டிலை அங்கே நிரப்பிக்கொண்டு அடிபம்பைத் தேடிப் போனேன். தூரத்திலிருந்தே கிறீச்சென்ற சத்தம் கேட்டது. அஞ்சலி இரண்டு கையாலும் தொங்கித் தொங்கி அடித்துக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி நேராக விறைத்தபடி பக்கத்தில் நின்றார். குடம் நிறைந்ததும் அவள் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள், முகம் கோணியது.

“உப்பா இருக்குதும்மா.”

“இருந்துட்டுப் போவட்டும். குடி.”

அவள் இன்னொரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து நின்றாள், நான் என் பாட்டிலைப் பிடிக்க.